ஓட்டையை முதலில் அடைக்கணும்: டெக் ஃபிட்டிங்குகளைக் கழற்றிப் பூட்டிய பதிவு

பாய்மரப் படகின் டெக்கில், அதாவது மேல்தளத்தில், கயிறு கட்டும் ஒரு கிளீட் வைக்க நாலு ஓட்டை. ஓரத்துப் பாதுகாப்பு வடத்தைத் தாங்கும் கம்பமான ஸ்டான்ஷனின் அடித்தட்டுக்கு இன்னொரு நாலு. கயிறு இழுக்கும் வின்ச், முன்பாயின் கயிற்றுக்கான ஜெனோவா டிராக், கைப்பிடி, டெக்கின் திறப்பு மூடியான ஹேட்ச்சின் சட்டம் என்று கூட்டிக்கொண்டே போனால் சின்னப் படகிலேயே நூறு ஓட்டைக்கு மேல் தேறிவிடும். எல்லாமே மழையும் அலையும் நேராகப் படுகிற இடம். இரும்புக்கும் டெக்குக்கும் நடுவே பூசிய ஒரு மெல்லிய சீலன்ட்தான் தண்ணீரைத் தடுக்கிறது. எந்த சீலன்ட்டும் ஒரு நாள் விட்டுப்போகும். அது விட்ட பிறகும் தண்ணீர் டெக்கின் உள்ளே போகாதபடி ஓட்டையைத் தயார் செய்துவைப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். சீலன்ட்டைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு ஓட்டையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் படகு 28 அடி நீளம், பைபர்கிளாஸ் கட்டுமானம், பல கை மாறி வந்தது. மழை பெய்தால் இடப்பக்க அலமாரிக்குள் ஈரம், கேபினின் உட்கூரையில் பழுப்புக் கறை. கறை இருந்த இடத்துக்கு நேர் மேலே டெக்கில் ஒன்றுமே இல்லை. படகில் ஒழுகல் எப்போதும் இப்படித்தான். தண்ணீர் ஒரு இடத்தில் நுழைந்து, கேபினின் உட்கூரைக்கும் டெக்குக்கும் நடுவே சரிவு பார்த்து ஓடி, எங்கோ ஒரு மூலையில் சொட்டும். சொட்டுகிற இடத்தை வைத்து நுழைகிற இடத்தைத் தேடினால் காலம்தான் வீணாகும்.

நுழைவாயைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி காற்று. ஹேட்ச், ஜன்னல், காற்றோட்டத் துளை என எல்லாவற்றையும் டேப் ஒட்டி மூடிவிட்டு, கேபின் வாசலை ஒரு அட்டையால் அடைத்து, அதில் ஓட்டை போட்டு இலை ஊதும் ப்ளோயரின் வாயைச் செருகினேன். உள்ளே கொஞ்சம் அழுத்தம் ஏறினால் போதும். பிறகு வெளியே ஒவ்வொரு ஃபிட்டிங்கைச் சுற்றியும் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போனால் விட்ட இடத்தில் குமிழ் கிளம்பும். எனக்கு மூன்று ஸ்டான்ஷன் அடியிலும், முன்பக்கக் கிளீட் ஒன்றிலும், ஜெனோவா டிராக்கின் பின்பாதியிலும் குமிழ் வந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு எல்லை உண்டு. கேபின் வரைக்கும் வழியுள்ள கசிவை மட்டுமே அது காட்டும். மேலிருந்து நுழைந்து டெக்கின் நடுவிலேயே தங்கிவிடுகிற தண்ணீரைக் காட்டாது. அந்த ரகம்தான் ஆபத்தானது.

ஏன் ஆபத்து என்பது புரிய டெக்கின் குறுக்குவெட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பைபர்கிளாஸ் படகுகளின் டெக் முழுக்கக் கண்ணாடி இழை கிடையாது. மேலே ஒரு மெல்லிய பைபர்கிளாஸ் படலம், கீழே ஒரு படலம், நடுவில் கோர். கோர் பால்சா மரமாகவோ நுரைப் பலகையாகவோ பிளைவுட்டாகவோ இருக்கும். இரண்டு படலங்களையும் விலக்கி வைப்பதால் எடை ஏறாமலேயே வளையாத்தன்மை பல மடங்கு கூடுகிறது. அந்தத் தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று தோராயமாகச் சொல்லலாம். என் படகில் இருப்பது பால்சா. மரத்தைக் குறுக்கே வெட்டி, நார்கள் இரண்டு படலங்களுக்கும் இடையே நெட்டுக்குத்தாக நிற்கும்படி வைத்திருப்பார்கள். நசுங்காமல் தாங்குவதற்கு அதுதான் சரியான திசை. தண்ணீரும் பக்கவாட்டில் அவ்வளவு சீக்கிரம் பரவாது. ஆனால் டெக்கின் வளைவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகப் பால்சாவைச் சிறு சிறு கட்டைகளாக அறுத்து, ஒரு வலைத்துணியில் ஒட்டித்தான் பதிப்பார்கள். கட்டைகளுக்கு இடையில் உள்ள கீறல்களில் ரெசின் என்னும் பிசின் முழுமையாக இறங்கியிருக்காவிட்டால் அவையே வாய்க்கால்களாகிவிடும். ஒரு போல்ட் வழியே நுழைந்த தண்ணீர் இரண்டடி தள்ளி மரத்தை உளுக்க வைப்பது இப்படித்தான். நுரைக் கோர் உளுக்காது என்பது உண்மை. ஆனாலும் படலத்துக்கும் நுரைக்கும் உள்ள ஒட்டு விட்டுப்போனால் டெக்கின் பலம் போனதுதான்.

ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் டெக் முழுக்கத் தட்டிப் பார்த்தேன். நல்ல இடத்தில் கணீரென்று கூர்மையான ஒலி. படலம் விட்ட இடத்தில் சொத்தென்று அமுங்கிய ஒலி. அந்த இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டேன். ஈரமானி வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அடியில் உலோகத் தகடு இருந்தால் அதுவும் ஈரம் என்றே காட்டும். ஆகவே காதையும் சேர்த்து நம்புவது நல்லது. ஸ்டான்ஷன் அடிகளைச் சுற்றி, டெக்கின் வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் நூலிழை விரிசல்கள் கிளை பிரிந்து ஓடியிருந்தன. அது வெறும் அழகுக் குறை இல்லை. அந்த இடம் அழுத்தத்தில் வளைந்து வளைந்து எழுந்திருக்கிறது என்பதன் அடையாளம்.

கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். மேலே ஒருவர் ஸ்க்ரூடிரைவரால் தலையைப் பிடிக்க, கேபினுக்குள் இன்னொருவர் நட்டைச் சுழற்ற வேண்டும். கிளீட் எளிதாக வந்துவிட்டது. ஒரு ஸ்டான்ஷன் அடித்தட்டை யாரோ பாலியூரித்தேன் பசையில் ஒட்டியிருந்தார்கள். போல்ட் நான்கையும் எடுத்த பின்னும் அசையவில்லை. இந்த மாதிரி இடத்தில் நெம்பக் கூடாது. நெம்பினால் தட்டோடு சேர்ந்து ஜெல்கோட்டும் மேல் படலமும் பெயர்ந்துவரும். ஹீட் கன்னால் தட்டை மட்டும் மிதமாகச் சூடாக்கி, அடியில் மெல்லிய எஃகுக் கம்பியைக் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்து அறுத்து எடுத்தோம். கை வலிக்கும் வேலைதான், ஆனால் டெக்குக்குச் சேதமில்லை.

வெளியே வந்த போல்ட்டில் ஒன்றைத் துடைத்துப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. தலை பளபளவென்று புதுசாக இருந்தது. நட்டுப் பக்கத்து மரையும் ஒழுங்காக இருந்தது. டெக்கின் நடுவில் இருந்த பாகம் மட்டும் பழுப்பேறி, அரித்து, கிட்டத்தட்ட பாதி தடிமனுக்கு இளைத்திருந்தது. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தால். அந்தப் படலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈரக் கோருக்குள், காற்றே இல்லாத இடத்தில், உப்புத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் போல்ட்டுக்கு அது கிடைப்பதில்லை. இடுக்கு அரிப்பு என்று சொல்வது இதைத்தான். வெளியே தெரிகிற தலையைப் பார்த்து உள்ளே இருப்பதை யாராலும் சொல்ல முடியாது. ஒழுகுகிற ஃபிட்டிங்கின் போல்ட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். 316 தர எவர்சில்வரில் புதியதாக வாங்கிப் போடுங்கள். கடல் தண்ணீருக்கு 304 போதாது.

இனி கோர். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் நுனி வளைந்த கம்பியை விட்டு மரத்தைச் சுரண்டி எடுத்தேன். நல்ல பால்சா வெளிர் நிறத்தில், உலர்ந்த தூளாக வரும். கிளீட்டிலும் டிராக்கிலும் அப்படியே வந்தது. விளிம்பில் மட்டும் லேசான பழுப்பு. இரண்டு ஸ்டான்ஷன்களிலும் அதே நிலைதான். மூன்றாவதில் வந்தது கறுப்புக் கூழ். கையில் வைத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, புளித்த வாடை அடித்தது. அங்கே ஓட்டையை அடைப்பதில் பயனில்லை. மேல் படலத்தை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி எடுத்து, உலர்ந்த மரம் தெரியும் வரை உளுத்ததைச் செதுக்கி எடுத்தேன். குழிக்குள் பழையபடி பால்சா வைக்கவில்லை. ஜி10 எனப்படும் எப்பாக்ஸி கண்ணாடி இழைப் பலகைத் துண்டுகளைக் கனமான எப்பாக்ஸியில் பதித்து நிரப்பினேன். ஸ்டான்ஷன் நிற்கிற இடத்தில் உளுக்கவும் நசுங்கவும் முடியாத பொருளே இருக்கட்டும் என்பது என் கருத்து. அதன் மேல் கண்ணாடி இழைத் துணி போடும்போது சுற்றியுள்ள படலத்தைச் சரிவாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். படலத்தின் தடிமனைப்போல் 12 மடங்கு நீளச் சரிவு என்பது பொதுவான கணக்கு. சரிவு குறைந்தால் ஒட்டுப் பரப்பு குறையும்.

மற்ற ஓட்டைகளுக்கு வழக்கமான முறைதான்: பெரிதாக்கு, அடை, திரும்பத் துளை. போல்ட் 6 மில்லிமீட்டர். மேலிருந்து 12 மில்லிமீட்டர் பிட்டால் மேல் படலத்தையும் கோரையும் துளைத்து, கீழ்ப் படலத்தைத் தொடாமல் நிறுத்தினேன். பிட்டில் ஆழம் பார்த்து டேப் சுற்றிக்கொண்டால் தவறாது. பிறகு ஒரு ஆணியின் நுனியை ஆங்கில எல் எழுத்தாக வளைத்து, ட்ரில்லில் மாட்டி, மெதுவாகச் சுழற்றிப் படலங்களுக்கு நடுவே இருக்கும் பால்சாவைச் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் குடைந்தேன். மேலே சின்ன வாய், உள்ளே அகன்ற குழி. இதில் உறைகிற எப்பாக்ஸி மேலும் கீழும் பிடித்துக்கொண்டு கழன்று வர இடமே தராது. தூளை வேக்குவம் கிளீனரால் முழுக்க உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். தூள் இருந்தால் எப்பாக்ஸி மரத்தில் ஒட்டாமல் தூளில்தான் ஒட்டும்.

ஈரம் இருந்த ஓட்டைகளை உலர விட்டதில்தான் பொறுமை அதிகம் செலவானது. வாயை மேலே கூடாரம் கட்டி மூடிவைத்து, பக்கத்தில் ஒரு மஞ்சள் பல்பு எரியவிட்டு, அவ்வப்போது உள்ளே கம்பி விட்டுப் பார்த்தேன். பால்சா சட்டென உலராது. நெட்டுக்குத்து நார்களின் இரண்டு வாயும் பைபர்கிளாஸால் மூடப்பட்டிருப்பதால் ஈரம் ஓட்டை வழியாக மட்டுமே வெளியேற முடியும். ஈர மரத்தின் மேல் எப்பாக்ஸி ஊற்றினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். இங்கே அவசரப்படுவதைவிட ஒரு பருவம் படகை ஓட்டாமலே விடலாம் என்பேன்.

எப்பாக்ஸி கலக்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று அளவு. பாலியெஸ்டர் ரெசினில் வேலை பார்த்துப் பழகியவர்கள், கெட்டிப்படுத்தும் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் உறையும் என்று நினைப்பார்கள். பாலியெஸ்டரில் சேர்ப்பது ஊக்கி. அதில் அந்தக் கணக்கு ஓரளவு செல்லும். எப்பாக்ஸியில் ஹார்டனரும் கலவையின் ஒரு பாகம். ரெசின் மூலக்கூறும் ஹார்டனர் மூலக்கூறும் ஒன்றோடொன்று சேர்ந்துதான் கெட்டிப்படுகின்றன. ஒன்று மிஞ்சினால் அது சேராமல் உள்ளேயே பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். நான் பயன்படுத்தியது வெஸ்ட் சிஸ்டம் 105 ரெசின், 206 மெதுவான ஹார்டனர். அதற்கு 5:1. வேறு தயாரிப்புகளுக்கு 2:1, 3:1 என்று மாறும். டப்பாவில் போட்டிருப்பதே வேதம். வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்டனரை வாங்க வேண்டும், அளவை மாற்றக் கூடாது.

முதலில் எதுவும் சேர்க்காத, தண்ணீராக ஓடும் எப்பாக்ஸியை ஊசி இல்லாத சிரிஞ்சால் குழிக்குள் விட்டேன். அடியில் பழைய ஓட்டைகளுக்கு டேப் ஒட்டியாகிவிட்டது. பால்சா அதைக் குடிப்பது கண்ணுக்கு முன்னால் தெரியும். நிரப்பிய மட்டம் சில நிமிடங்களில் இறங்கிவிடும், திரும்ப நிரப்ப வேண்டும். மட்டம் இறங்குவது நின்ற பிறகு மிச்சத்தைச் சிரிஞ்சாலேயே உறிஞ்சி எடுத்தேன். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் நிறைய. நேரடியாகக் கெட்டிக் கலவையைப் போட்டால் தாகமான மரம் அதிலிருந்து ரெசினை இழுத்துக்கொள்ளும், ஒட்டுமுகத்தில் ரெசினே இல்லாத பொடிதான் மிஞ்சும்.

அடுத்து அதே எப்பாக்ஸியில் கெட்டியாக்கும் தூளான கொலாய்டல் சிலிக்கா கலந்து பற்பசை பதத்துக்குக் கொண்டுவந்தேன். சிரிஞ்சின் வாயைக் குழியின் அடியில் வைத்து, கலவை மேலே ஏற ஏற சிரிஞ்சையும் உயர்த்தினேன். மேலிருந்து ஊற்றினால் காற்று உள்ளே அகப்பட்டு வெற்றிடம் உண்டாகும். ஆழமான குழிகளை இரண்டு தவணையாக நிரப்புவது நல்லது. எப்பாக்ஸி உறையும்போது தானே சூடாகும். ஒரே இடத்தில் அதிகமாகக் குவிந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் புகைந்து, நுரைத்து, விரிசல் விட்டுவிடும். கலக்கிய கிண்ணத்திலும் இதே கதைதான், ஆகவே அகன்ற தட்டில் கலக்குங்கள். கையுறை கட்டாயம். எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விடாது. கையில் பட்டால் அசிட்டோனில் துடைப்பது தோலுக்கு இன்னும் கெடுதல்.

உறைந்த மேற்பரப்பில் மெழுகுபோன்ற ஒரு பிசுக்குப் படிந்திருக்கும். அது அசிட்டோனுக்குப் போகாது, தண்ணீரில் கரையும். தண்ணீரும் பச்சைத் தேய்ப்பு நாரும் வைத்துக் கழுவிய பிறகே உப்புத்தாள் எடுக்க வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கு பரப்புக்குள் அழுந்திப்போகும்.

திரும்பத் துளைக்கும்போது ஃபிட்டிங்கையே அச்சாக வைத்துக் குறித்தேன். மரத்துண்டில் ஏற்கனவே செங்குத்தாகப் போட்ட ஓட்டையை வழிகாட்டியாக வைத்துத் துளைத்தால் போல்ட் சாயாது. போல்ட் சாய்ந்தால் தலை ஒரு பக்கமாக மட்டும் உட்காரும். ஜெல்கோட்டைத் தொடும் முதல் சுற்றில் ட்ரில்லைப் பின்னோக்கிச் சுழற்றினால் வாய் உடையாது. ஜெல்கோட் கடந்ததும் முன்னோக்கி மாற்றிக்கொள்ளலாம்.

பிறகு செய்தது ஓட்டையின் வாயைச் சரிவாக்குவது. கவுன்டர்சிங்க் பிட்டை வைத்து, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சின்னப் புனலாக வாயை அகலமாக்கினேன். ஒரு ஓட்டைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒழுகாத டெக்குக்கும் ஒழுகும் டெக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இதற்குத்தான் என்பேன். சரிவு இல்லாத ஓட்டையின் மேல் தட்டையான ஃபிட்டிங்கை வைத்து இறுக்கினால் சீலன்ட் எல்லாம் பக்கவாட்டில் பிதுங்கி ஓடிவிடும். நடுவில் மிஞ்சுவது தாள் கனத்துக்கும் குறைவான படலம். வெயிலில் உலோகம் விரிந்து சுருங்க, கயிறு இழுத்து விட, அந்தப் படலம் கிழிந்துபோகும். சரிவு இருந்தால் போல்ட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம் நிறைய சீலன்ட் தங்கும். எவ்வளவு இறுக்கினாலும் அது அங்கிருந்து ஓட இடமில்லை. வளையம் தடிமனாக இருப்பதால் அசைவைத் தாங்கி நீண்டு சுருங்கும். ஜெல்கோட்டின் விளிம்பில் போல்ட் மரை உரசி விரிசல் விடுவதும் இதனால் நின்றுவிடும்.

சீலன்ட் விஷயத்தில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. உலோக ஃபிட்டிங்கை டெக்கில் உட்கார வைக்க பியூட்டைல் டேப் என்னும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டை. உறையவே உறையாது, பல வருடம் பிசுபிசுப்பாகவே இருக்கும், அசைவுக்கு ஏற்ப நீளும், கழற்ற வேண்டும் என்றால் பெரிய போராட்டம் இல்லை. மின்வேலைக்கு விற்கிற ரப்பர் டேப்பையும் கட்டிட வேலைக்கு விற்கிற மலிவான ரகத்தையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சில ரகங்கள் வெயிலில் உருகி வழிந்துவிடும். இழுத்துப் பார்த்தால் அறுந்துபோகாமல் நூலாக நீளுவது நல்ல ரகம்.

பியூட்டைல் எல்லா இடத்துக்கும் ஆகாது. பெட்ரோல், டீசல் பட்டால் கரையும். எரிபொருள் ஊற்றும் மூடிக்குப் பாலிசல்ஃபைடு சீலன்ட்தான் சரி. நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஃபிட்டிங்குக்கும் பியூட்டைல் வேண்டாம். பாலிசல்ஃபைடு தேக்குக்கு நல்லது, ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட், ஏபிஎஸ் பிளாஸ்டிக்குகளை அது அரித்து விரிசல் விடச் செய்யும். அதனால் ஜன்னல் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. த்ரீஎம் 5200 மாதிரியான பாலியூரித்தேன்கள் உண்மையில் பசைகள். படகின் உடற்கூட்டையும் டெக்கையும் ஒட்ட அவை அருமை. என்றாவது கழற்ற வேண்டிய ஸ்டான்ஷனுக்கு அவை தேவையில்லை. சிலிக்கான் என் படகின் டெக்கில் இடம் பெறாது. அது விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத எச்சத்தின் மேல் பெயின்ட்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது, ஏன், இன்னொரு சிலிக்கானும் ஒட்டாது.

அடியில் வைக்கும் தாங்குதகடும் சீலன்ட்டில் சேர்ந்ததுதான். டெக் வளைந்தால் எந்த சீலன்ட்டும் நிற்காது. ஸ்டான்ஷன் ஒரு நெம்புகோல். கடல் பாய்மரப் பந்தயங்களுக்கு வேர்ல்ட் செய்லிங் என்னும் சர்வதேச அமைப்பு வைத்திருக்கும் விதிகள், 8.5 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளில் மேல் பாதுகாப்பு வடம் டெக்கிலிருந்து குறைந்தது 600 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், தாங்கிகளுக்கு இடையே 2.2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கின்றன. இப்போது கணக்குப் போடுங்கள். ஒருவர் நிலைதடுமாறி அந்த உயரத்தில் 100 கிலோ விசையோடு மோதுகிறார். அடித்தட்டின் போல்ட் வரிசைக்கும் எதிர் விளிம்புக்கும் உள்ள தூரம் 60 மில்லிமீட்டர். 600-ஐ 60-ஆல் வகுத்தால் 10. ஆக போல்ட்டுகளை மேலே பிடுங்கும் விசை 1000 கிலோ, இரண்டு போல்ட் என்றால் ஆளுக்கு 500. அதைச் சின்ன வாஷர் ஒன்று சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கீழ்ப் படலத்தில் தாங்க வேண்டும் என்றால் அது உள்ளே புதைந்துவிடும். என் படகில் பழைய வாஷர்கள் கிண்ணமாகக் குழிந்துதான் வெளியே வந்தன.

6 மில்லிமீட்டர் ஜி10 பலகையில் அடித்தட்டைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக வெட்டி, மூலைகளையும் விளிம்பையும் உருட்டித் தேய்த்தேன். கூர்மையான விளிம்பு இருந்தால் டெக் அந்தக் கோட்டிலேயே மடங்கும். வெட்டும்போதும் தேய்க்கும்போதும் நல்ல முகமூடி வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கீழ்ப் படலம் சொரசொரப்பாக, மேடு பள்ளமாக இருக்கும். ஆகவே தகட்டைக் கெட்டி எப்பாக்ஸியில் பதித்து, மெழுகு தடவிய போல்ட்டுகளால் மெல்லப் பிடித்துவைத்து உறைய விட்டேன். மேடுகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்காமல் முழுப் பரப்பும் தாங்கும்.

பூட்டும் நாளில் நண்பர் உள்ளே, நான் மேலே. டெக்கையும் அடித்தட்டின் அடியையும் அசிட்டோனால் துடைத்து உலர விட்டேன். தட்டின் அடி முழுக்கப் பியூட்டைல் பட்டைகளை இடைவெளியில்லாமல் ஒட்டினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு சின்னத் துண்டைக் கையில் உருட்டி, தலைக்கு அடியில் கழுத்தைச் சுற்றிக் கூம்பாக அழுத்தினேன். வாய்ச் சரிவுக்குள் போய் உட்காருவது இந்தக் கூம்புதான். தட்டை நேராக வைத்து அழுத்தி, போல்ட்டுகளைச் சுழற்றாமல் தள்ளி இறக்கினேன்.

“மேல நல்லா பிடிச்சிருக்கியா? நான் சுத்தறேன்” என்று கீழிருந்து குரல்.

“பிடிச்சிருக்கேன். தலை அசைஞ்சா சொல்றேன், உடனே நிறுத்திடு.”

“நாலையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தித்தான் இறுக்கறேன். ஒண்ணை மட்டும் முழுசா இறுக்கிட்டா சாஞ்சிடும்டா.”

நட்டைத்தான் சுழற்ற வேண்டும், போல்ட்டை அல்ல. போல்ட் சுழன்றால் கழுத்தைச் சுற்றி அமர்ந்த சீலன்ட்டை மரை உழுதுவிடும், அந்த உழவு வழியே தண்ணீர் இறங்கும். தளராமல் பிடிக்க நைலான் வளையம் வைத்த எவர்சில்வர் நைலாக் நட்டை வேகமாகச் சுழற்றினால் மரை சூடேறி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி ஸ்பேனரால் நிதானமாகச் சுழற்றுவதே நல்லது.

பியூட்டைல் ஒரே மூச்சில் இறுக்குகிற பொருளும் இல்லை. அது மெதுவாக நகரும். நாலு பக்கமும் ஒரே சீராகச் சாம்பல் நிற விளிம்பு பிதுங்கியதும் நிறுத்திவிட்டோம். மறுநாள் பார்த்தால் நட்டு மறுபடி கால் சுற்று ஏறியது. வெயில் ஏறிய நேரத்தில் இன்னும் கொஞ்சம் ஏறியது. ஸ்பேனருக்கு ஏறாமல் நிற்கும் வரைக்கும் இதைத் தொடர வேண்டும். குளிரில் பியூட்டைல் விறைத்திருக்கும், அப்போது முழு பலத்தோடு இறுக்கினால் டெக்தான் நசுங்கும். பிதுங்கியதைப் பிளாஸ்டிக் தகட்டால் வெட்டி எடுத்து, மிச்சப் பிசுக்கை மினரல் ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

கீழே தாங்குதகட்டுக்கும் நட்டுக்கும் எந்த சீலன்ட்டும் போடவில்லை. இதைக் கேட்டு ஆச்சரியப்படுகிறவர்கள் உண்டு. மேலே விட்டுப்போன ஒரு நாளில் தண்ணீர் கேபினுக்குள் சொட்டட்டும், அது எனக்குத் தெரியட்டும். அடியையும் அடைத்துவிட்டால் சொட்டாது. போல்ட்டைச் சுற்றியே தேங்கி, முன்பு பார்த்த அந்த இளைத்த போல்ட்டின் கதையை மறுபடி ஆரம்பிக்கும்.

ஜெனோவா டிராக்கில் வேறு ஒரு சிக்கல். டிராக் அலுமினியம், போல்ட் எவர்சில்வர். உப்புத் தண்ணீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் தன்னை இழந்துகொண்டே இருக்கும், வெள்ளைப் பொடி கட்டும். போல்ட் தொடுகிற இடமெங்கும் இந்த அரிப்பைத் தடுக்கும் டெஃப் ஜெல் தடவினேன். டிராக்கின் அடி நீளமும் பியூட்டைல் போட்டு, நடுவில் தொடங்கி இரண்டு முனைகளை நோக்கி இறுக்கிக்கொண்டு போனோம். பழைய ஓட்டைகளில் சில வரிசை தப்பியிருந்ததால் அவற்றை அடைத்துப் புதிதாகவே துளைத்தேன்.

சரிபார்க்க ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறேன். கேபினுக்குள் ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டுவைத்தேன். மழைக்குப் பிறகு எந்தத் தாள் நனைந்திருக்கிறது என்று பார்த்தால் போதும், தேடி அலைய வேண்டியதில்லை. பலத்த மழை பல தடவை பெய்தும் தாள்கள் உலர்ந்தே இருக்கின்றன. இடப்பக்க அலமாரியும் உலர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது கேபின் மேலுள்ள தேக்குக் கைப்பிடிகள். அவற்றைக் கீழிருந்து மரத்திருகாணிகளால் பிடித்திருக்கிறார்கள். போல்ட் இல்லாததால் இறுக்கம் குறைவு, ஓட்டையோ ஏராளம். அவற்றிலும் கோரை அடைத்துவிட்டு முழு நீள போல்ட்டுக்கு மாற்றப்போகிறேன். தேக்கின் அடிக்குப் பாலிசல்ஃபைடு, ஓட்டையின் வாய்க்கு அதே சரிவு.